உரிமையாளர் என்ற கட்டம்

பத்து நிமிடத்தில் இணையக் கடை திறக்கலாம் என்று எழுதி வைத்தவன் எவனோ தெரியாது. அவன் ஒருநாளும் ஒரு கிலோ மிளகாய் வறுத்திருக்க மாட்டான். எனக்குப் பதினொரு நாள் எடுத்தது. திறந்த கடை என்னுடையதில்லை என்று கண்டுபிடிக்க இன்னும் நாலு மாதம் எடுத்தது. அதைத்தான் எழுதப் போகிறேன். கடை திறக்க நினைக்கிறவர்கள் வாசித்தால் நல்லது. வாசிக்காவிட்டால் எனக்கு ஒரு நட்டமும் இல்லை.

நான் சண்டிலிப்பாயில் இருக்கிறேன். வறுத்த மிளகாய்த்தூள் செய்து விற்கிறேன். கணவருக்குத் தோட்டம். வெங்காயம், மிளகாய், ஒரு துண்டு நிலத்தில் புகையிலை. மகள் படித்து முடித்துக் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டாள். போகும்போது தன்னுடைய பழைய லப்டொப்பை விட்டுவிட்டுப் போனாள். அதன் மூடியைத் திறந்தால் ஒரு பக்கத்துப் பிணைச்சல் கழன்று வரும். புத்தகம் ஒன்றை முண்டு கொடுத்து நிறுத்த வேண்டும்.

கடை ஏன் என்று கேட்பீர்கள். வெளிநாட்டுக்குத் தூள் அனுப்புவதற்கு எங்கள் ஊரில் ஒரு முறை உண்டு. "வாற ஆக்களிட்டைக் குடுத்து விடுங்கோ" என்பார்கள். இந்த ஒரு வசனத்தை நான் வெறுக்கிற அளவுக்கு வேறு எதையும் வெறுக்கவில்லை. ஒருத்தி சுவிஸிலிருந்து போன் எடுத்து மூன்று கிலோ கேட்பாள். யாரோ ஒருவர் உடுப்பிட்டிக்கு வந்து நிற்கிறார், அடுத்த கிழமை திரும்பிப் போகிறார் என்பாள். நான் தூளை இரண்டு பைக்குள் போட்டு, ஒட்டி, பேப்பர் சுற்றி, மேலே பழைய துணியால் கட்டி, இரண்டு பஸ் ஏறி உடுப்பிட்டிக்குப் போக வேண்டும். அங்கே பிரயாணப் பெட்டி விறாந்தையில் வாய் பிளந்து கிடக்கும். போகிறவரின் தாய் பக்கத்தில் கதிரை போட்டு இருந்துகொண்டு, விமான நிலையத்து அதிகாரி மாதிரி ஒவ்வொரு பையாகத் தூக்கிப் பார்ப்பார்.

கடைசித் தடவை போனபோது அந்த மனுசி என் மூன்று பையில் ஒன்றை எடுத்து ஒருபக்கம் வைத்துவிட்டார்.

"பெட்டி நிறை கூடிப் போச்சு பிள்ளை. இரண்டு காணும் அவைக்கு."

மூன்றையும் அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துப் போன் எடுத்து, அந்த மிச்சப் பையைத் திருப்பி எடுக்க வரவா என்று கேட்டேன்.

"அதை உடைச்சுக் கறிக்குப் போட்டிட்டன். நல்ல தூள் பிள்ளை."

அன்றைக்குத்தான் முடிவு எடுத்தேன். இனி என் தூளை நான் சொல்கிற மாதிரி, என் பெயரில், நானே விற்பது. எந்தப் பிரயாணப் பெட்டிக்கு முன்னாலும் போய் நிற்பதில்லை. எனக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான்.

இணையக் கடை கட்டித் தருகிற தளங்கள் பல இருக்கின்றன. நான் எடுத்த தளத்தில் புதியவர்களுக்கென்று ஒரு வழிகாட்டி இருந்தது. ஆங்கிலம். எழுத்துக்கூட்டி வாசித்தேன். விளங்காத இடத்துக்கு ஒரு வீடியோ பார்த்தேன். அதில் இந்தியப் பெடியன் ஒருவன் ஒவ்வொரு வசனத்துக்கும் "நண்பர்களே" என்றான். நான் அவனுக்கு நண்பி இல்லை. எந்தப் பொத்தானை அமத்துவது என்று சொன்னால் போதும். அதை மட்டும் அவன் வேகமாக அமத்திவிட்டுப் போய்விடுவான்.

முதலில் கடைக்கு ஒரு தோற்றம் தெரிவு செய்ய வேண்டும் என்றது. எல்லாத் தோற்றத்திலும் ஒரு வெள்ளைக்காரி கோப்பையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று தெரியவில்லை. அவளை அழிக்க ஒரு முழுநாள் போனது. பிறகு படம். முற்றத்தில் சுளகை வைத்து அதில் தூளைக் கொட்டி, கைத்தொலைபேசியில் எடுத்தேன். ஆறாவது படத்தில்தான் கோழி இல்லை. பிறகு விவரம். வழிகாட்டி, வாங்குகிறவரின் மனதைத் தொடுகிற மாதிரி எழுதச் சொன்னது. நான் இப்படி எழுதினேன்: "வறுத்த மிளகாய்த்தூள். செத்தல் மிளகாய், மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை. உறைப்பு உண்டு. உப்பு இல்லை." கடைக்கு என் பெயரையே வைத்தேன்.

கணவர் தோட்டத்தால் வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன, கடைக்குப் பேர் வைக்கவே ரெண்டு நாளோ? மகளுக்குப் பேர் வைக்க அரைமணித்தியாலம்தானே எடுத்தனீர்."

"அவளை விக்கிறதுக்கு இல்லைத்தானே."

விலாசத்தில் அடுத்த இழுபறி. வீட்டு இலக்கம் போடாமல் விடாது. எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டுக்கும் இலக்கம் இல்லை. தபால்காரருக்கு இத்தனை வருடமாக இலக்கம் தேவைப்பட்டதில்லை. வாசிகசாலைக்கு மேற்கே, கோயில் கேணிக்குப் பின்னால் என்று போட்டால் சிவப்பு எழுத்தில் பிழை என்றது. கடைசியில் ஒன்று என்று போட்டேன். ஏற்றுக்கொண்டது. பொய் சொன்னவுடன் பச்சைச் சரி விழுந்தது.

பத்தாவது நாள் பணம் வாங்குகிற பகுதிக்கு வந்தேன். வெளிநாட்டு அட்டைகளில் இருந்து பணம் வர வேண்டுமென்றால் உங்கள் நாட்டைத் தெரிவு செய்யுங்கள் என்று ஒரு நீண்ட பட்டியல். இலங்கை இல்லை. மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் பார்த்தேன். இல்லை. அப்போதுதான் கனடாவில் இருக்கிற அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

எனக்கு ஒரே அண்ணன். என்னைவிட ஆறு வயது மூப்பு. போய் முப்பது வருடத்துக்குக் கிட்ட.

"அண்ணை, நாட்டுப் பேரிலை எங்கடை நாடு இல்லை. ஐஸ்லாந்து இருக்கு. அங்கை ஆர் தூள் விக்கிறது?"

"உங்கை இருந்து உப்பிடிக் காசு வாங்கேலாது. என்ரை பேரிலை போடு. என்ரை பாங்கைக் குடு. வாறதை நான் மாதா மாதம் அனுப்பி விடுறன்."

"உரிமையாளர் எண்டு ஒரு கட்டம் இருக்கு. அதிலை?"

"அதிலையும் என்ரை பேர்தான் வரவேணும். பாங்கிலையும் அதிலையும் பேர் ஒண்டா இருந்தாத்தான் விடுவான். ஏன், நான் என்ன பிறத்தியாளே?"

பிறத்தியாள் இல்லைத்தான். எங்கள் ஊரில் எல்லாருக்கும் இப்படி ஒரு அண்ணை இருக்கிறார். தொலைக்காட்சியில் படம் பார்க்கிற கணக்கு ஒருவரின் அண்ணையின் பேரில். எங்களிடம் புகையிலை வாங்குகிறவரின் மகன் நடத்துகிற ரியூசன் தளம் லண்டனில் இருக்கிற சித்தப்பாவின் பேரில். ஒருவரும் இரண்டு தரம் யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை. உரிமையாளர் என்ற கட்டத்தில் அண்ணையின் முழுப்பெயரை என் விரலால் அடித்தேன்.

இதை நினைத்தால் என்மேல்தான் எனக்கு முதல் கோபம். காணி உறுதிப் பத்திரம் எழுதுகிற இடத்தில் நான் எப்படிப்பட்டவள் என்று எனக்குத் தெரியும். கலியாணத்துக்கு அப்பா இந்த வீட்டையும் வளவையும் எனக்கு எழுதியபோது நொத்தாரிசு வாசித்து முடித்த பிறகும் நான் வாங்கி ஒருமுறை வாசித்தேன். மேற்கே யாருடைய காணி, தெற்கே ஒழுங்கை, கிணற்றில் அரைப்பங்கு, கிணற்றுக்குப் போய்வருகிற வழியில் பங்கு. எல்லாம் சரியா என்று பார்த்துத்தான் கையெழுத்து வைத்தேன். அப்பாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. பக்கத்து வளவுக்காரர் கிணற்று வழியில் ஒரு முருங்கைத் தடியை நட்டபோது உறுதியைத் தூக்கிக்கொண்டு போய் நின்றவள் நான். அப்படிப்பட்டவள் கடையை எழுதிக் கொடுக்க அரை நிமிடம்கூட எடுக்கவில்லை. ஏனென்றால் அது காணி மாதிரித் தெரியவில்லை. ஒரு கட்டம் மாதிரித் தெரிந்தது.

கடை திறந்தது. முதல் கிழமை மூன்று பேர். ஒருத்தர் ஜெர்மனியில், இரண்டு பேர் கனடாவில். பிறகு கூடியது. கட்டளை, அதாவது ஓடர், வந்தால் லப்டொப்பில் மணி அடிக்கும். நான் நிறுத்துக் கட்டி, கூரியர்க்காரனிடம் கொடுத்து, போனதென்று பொத்தானை அமத்துவேன். கிழமையில் இரண்டு நாள் வறுக்க வேண்டி வந்தது. மிளகாய் வறுக்கிற நாளில் எங்கள் ஒழுங்கை முழுக்கத் தும்மும். அது தெரிந்து அயலில் உடுப்புக் காயப்போட மாட்டார்கள். அண்ணை மாதம் முடிய பணத்தை அனுப்பினார். ஒரு சதம் பிழை விடவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். இது காசுக் கதை இல்லை.

நாலாவது மாதம் ஒரு காலை மணி அடித்தது. போய்ப் பார்த்தால் இப்படி ஒரு கட்டளை: உறைப்புக் குறைந்த மிளகாய்த்தூள், மூன்று பை.

நான் அப்படி ஒன்று செய்வதில்லை.

கட்டளைப் பக்கத்தை மூடிவிட்டுக் கடையின் முகப்பைத் திறந்தேன். நான் அந்தப் பக்கத்தைப் பார்த்து ஒரு மாதம் இருக்கும். கட்டுவதற்கும் அனுப்புவதற்கும் முகப்புத் தேவையில்லை. திறந்தால் வேறு யாருடையதோ கடை. என் பெயர் இல்லை. "அம்மா" என்று தொடங்குகிற ஒரு பெயர். என் சுளகுப் படம் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு கிழவி உரலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து பொக்கை வாயால் சிரித்தார். அந்த வெள்ளைக்காரியை அழிக்க ஒரு நாள் மினக்கெட்டேன். இவர் அவளுடைய தாய் போல வந்து இருக்கிறார்.

கீழே கதை. வேப்பமர நிழலில் எங்கள் அம்மா உரலில் இடித்த தூளின் மணம் இன்றும் எங்கள் மூக்கில் நிற்கிறதாம். அந்தக் கைப்பக்குவத்தைக் கடல் கடந்து கொண்டுவருகிறோமாம்.

எங்கள் வளவில் வேப்பமரம் இருந்ததில்லை. முருங்கை இருந்தது, மசுக்குட்டிப் புழுவோடு. அம்மா உரலில் இடித்து நான் கண்டதில்லை. தூள் கடையில் வாங்குவார், அல்லது மில்லில் கொடுத்து அரைப்பார். தானே வறுத்தால் கருக்கிவிடுவார். சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு வேலியடிக்குப் போய்க் கதைத்துக்கொண்டு நிற்பார். அப்பா ஒரு வாய் வைத்துவிட்டு மோர் கேட்பார். அம்மா வேறு பல காரியத்தில் கெட்டிக்காரி. தையலில் அவரை வெல்ல ஆள் இல்லை. தூளில் இல்லை. இது எனக்கும் தெரியும், அண்ணைக்கும் தெரியும். அவர் அம்மாவின் மீன் குழம்பை யாரும் பார்க்காத நேரத்தில் பூனைக்கு ஊற்றியவர்.

இந்தத் தூள் நான் பழுதாக்கிப் பழுதாக்கிப் பிடித்தது. மல்லியை எந்த நிறத்தில் இறக்குவது, வெந்தயம் எப்போது கைக்கும், மிளகாய்க்கு எத்தனை சொட்டு எண்ணெய் என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. முதல் மூன்று வருடம் பழுதான தூளை எல்லாம் நாங்கள்தான் தின்றோம். கணவரைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்.

பிழையைத் திருத்துவோம் என்று உள்ளே போனேன். இந்தப் பக்கத்தை மாற்ற உங்களுக்கு அனுமதி இல்லை என்றது. திரும்பவும் அமத்தினேன். அதையே சொன்னது. ஒவ்வொரு இடமாகத் தட்டிக்கொண்டு போனபோது கடையில் உள்ளவர்கள் என்று ஒரு பட்டியல் வந்தது. இரண்டு பேர். முதலில் அண்ணையின் பெயர், நேரே உரிமையாளர். இரண்டாவது என் பெயர். நேரே: பணியாளர், பொதி செய்தல்.

கணவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வரும்வரை காத்திருந்தேன். ஏனென்றால் தனியக் கதைத்தால் நான் ஏதாவது உடைத்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும். அவர் சாப்பிட்டுக் கை கழுவினதும் போனை மேசையில் வைத்து, சத்தமாகக் கேட்கும்படி போட்டு அண்ணைக்கு எடுத்தேன். அங்கே விடிய முந்தின நேரம். அவர் வேலைக்குப் போக எழும்பியிருப்பார்.

"அண்ணை, என்ரை பேருக்கு நேரை பணியாளர் எண்டு கிடக்கு."

"எங்கை?"

"கடையிலை. பணியாளர், பொதி செய்தல்."

"ஓ, அதுவோ. அது உந்த வெப்சைட்டின்ரை சொல்லு. நீ கை தவறி எதையும் அழிச்சுப்போடக் கூடாது எண்டு மாத்தினனான்."

"நான் கட்டின கடையை நானே அழிப்பனோ?"

"விடியக் காலமை கோவிக்காதை. இப்ப என்ன வேணும் உனக்கு?"

"உறைப்புக் குறைஞ்ச தூள் எண்டு ஒண்டு போட்டிருக்கிறியள். அதை ஆர் செய்யிறது?"

"நீதான். மல்லியைக் கொஞ்சம் கூடப் போடன்."

"மல்லியைக் கூடப் போட்டா அது வேறை தூள்."

"இஞ்சை பிறந்த பிள்ளையள் உறைப்புத் தின்னுதுகள் இல்லை, விளங்குதோ?"

"அப்ப அதுகளுக்குப் பாணும் பட்டரும் குடுங்கோ. நான் என்னத்துக்கு?"

கணவர் தொண்டையைச் செருமினார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது.

"சரி, உந்தக் கிழவி ஆர்?" என்று கேட்டேன்.

"எந்தக் கிழவி?"

"உரலோடை குந்தியிருக்கிறவ. எங்கடை அம்மா எண்டு எழுதிக் கிடக்கு. எனக்கு இவவைத் தெரியாது. உங்களுக்குத் தெரிஞ்சா எந்த ஊர் எண்டு சொல்லுங்கோ, போய்ப் பாத்திட்டு வாறன்."

"அது காசு குடுத்து வாங்கின படம். சனத்துக்கு உதுதான் பிடிக்குது. அம்மா எண்டாத்தான் விக்கும். உன்ரை பேரைப் பாத்து ஆர் வாங்கப் போயினம்?"

"மூண்டு மாதம் வாங்கினவைதானே."

"அது தெரிஞ்ச சனம். இப்ப தெரியாத சனமும் வருது. உனக்கு வேலையும் கூடுது, நான் ஒவ்வொரு மாதமும் அனுப்பிறன்தானே. அதிலை ஏதும் குறையோ?"

"காசைப் பற்றி நான் கதைக்கேல்லை. என்ரை பேரைத் திருப்பிப் போடுங்கோ. உரிமையாளர் எண்ட இடத்திலை உங்கடை பேரோடை என்ரையையும் போடுங்கோ. கிழவியை எடுங்கோ."

அந்தப் பக்கம் தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னார், குரல் வேறு மாதிரி இருந்தது.

"வீட்டை உனக்கு எழுதினது. வளவையும் உனக்கு எழுதினது. கிணத்துப் பங்கும் உனக்கு. நான் ஒருநாள் வாய் திறந்து கேட்டனானோ? அம்மான்ரை பேரிலை ஒண்டாவது எனக்கு இருக்கட்டுமன்."

இத்தனை வருடமாக இதை வயிற்றுக்குள் வைத்திருந்தார் என்று எனக்கு அப்போதுதான் தெரியும். பாவம் என்று நினைக்கவில்லை. நினைத்ததாகப் பொய் எழுத மாட்டேன். அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. பெண்ணுக்கு வீடு என்பது இந்த ஊர் வழக்கம், நான் கேட்டு வாங்கவில்லை. ஆனால் போன ஆணுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை என்பதும் உண்மைதான். அம்மாவின் பேரில் ஏதாவது வேண்டுமென்றால் அம்மாவின் தையல் மெசின் அறை மூலையில் நிற்கிறது. வந்து தூக்கிக்கொண்டு போகலாம். அதன் பெயரில் சட்டைக்கடை திறக்கலாம். அது உண்மையாகவும் இருக்கும். என் தூளை எடுத்து அம்மாவின் கையில் கொடுப்பதற்கு அவர் யார்?

"அம்மான்ரை குழம்பை நீங்கள் பூனைக்கு வைச்சனீங்கள் அண்ணை," என்றேன்.

போனை வைத்துவிட்டார்.

கணவர் கதிரையில் சாய்ந்துகொண்டு தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தார்.

"கிணத்து வழிக்கு உறுதி தூக்கினனீர். உதுக்கும் ஒருக்கா வாசிச்சுப் போட்டுக் கையெழுத்து வைச்சிருக்கலாம்."

"நீங்கள் தேத்தண்ணியைக் குடியுங்கோ."

"குடிக்கிறன். அதுக்கு உறைப்புக் குறைஞ்சதுதானே." எழும்பித் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு என் கையில் பதினாறு கட்டளை இருந்தது. கட்டாமல் விடுவோமா என்று யோசித்தேன். வாங்கினவர்கள் எனக்கு ஒரு பிழையும் செய்யவில்லை. லப்டொப்பைப் பார்த்தேன். பெயரை மாற்ற அனுமதி இல்லை, படத்தை மாற்ற அனுமதி இல்லை, கதையை மாற்ற அனுமதி இல்லை. பொதி செய்ய அனுமதி இருந்தது.

மகளின் பழைய கொப்பி ஒன்றிலிருந்து தாள்களைக் கிழித்து, ஒவ்வொன்றையும் நாலாக வெட்டிப் பதினாறு துண்டு எடுத்தேன். ஒவ்வொன்றிலும் கையால் எழுதினேன். "இந்தத் தூளை வறுத்தது நான். இது அம்மாவின் தூள் அல்ல. எங்கள் அம்மா வறுத்தால் கருகும். படத்தில் இருப்பவர் யாரென்று எனக்குத் தெரியாது. இதற்குப் பிறகு அந்தக் கடையில் வருவது என்னுடையதாக இராது." அடியில் என் பெயரும் தொலைபேசி இலக்கமும். உறைப்புக் குறைந்தது கேட்டவருக்கு என் தூளையே போட்டு, மேலதிகமாக ஒரு வரி எழுதினேன்: "குறைந்தது என்று ஒன்று இல்லை. குறைவாகப் போடுங்கள்."

பதினாறையும் கூரியர்க்காரனிடம் கொடுத்தேன். பதினாறுக்கும் போனதென்று பொத்தானை அமத்தினேன். மூடியை மூடினேன்.

இரண்டு கிழமை கழித்து அண்ணை போன் எடுத்தார்.

"என்ன வேலை பாத்தனி நீ? ஒரு மனுசி எனக்கு எழுதிக் கேக்கிறா, அப்ப உங்கடை அம்மா கெட்டிக்காரி இல்லையோ எண்டு. எனக்கு எவ்வளவு வெக்கக்கேடு."

"நீங்கள் தந்த வேலைதான் பாத்தனான். பொதி செய்தல்."

"உன்ரை இந்தக் குணத்தாலைதான் உனக்கு ஒருத்தரும் கிட்ட வாறேல்லை."

"தூளுக்குத்தான் வரவேணும். எனக்கு வரத் தேவையில்லை."

அதற்குப் பிறகு நாங்கள் கதைக்கவில்லை. அவர் டவுனில் யாரோ ஒரு மில்காரனைப் பிடித்து வேறு தூள் வாங்கி அனுப்பிப் பார்த்தார் என்று கேள்விப்பட்டேன். இரண்டு மாதத்தில் அந்தக் கடையில் எல்லாவற்றுக்கும் நேரே "கையிருப்பில் இல்லை" என்று வந்துவிட்டது. கடையை மூட எனக்கு அனுமதி இல்லை. அவரும் மூடவில்லை. இன்றைக்கும் திறந்தால் அந்தக் கிழவி உரலோடு இருந்து சிரிக்கிறார். விற்க ஒன்றும் இல்லை. என்ன சிரிப்பு என்று தெரியவில்லை.

நான் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினேன். அதே தளம், அதே வழிகாட்டி, அதே நண்பர்களே. இந்தத் தடவை நாலு நாள். வெள்ளைக்காரியை எப்படி அழிப்பது என்று தெரிந்திருந்தது. பணம் வாங்குகிற பகுதிக்கு வந்து நாட்டுப் பட்டியல் விழுந்தபோது, அதன் கீழ் மூலையில் வெளிறின எழுத்தில் ஒரு சொல் கிடந்தது. "பிறகு செய்கிறேன்." முதல் தடவையும் அது அங்கேதான் இருந்திருக்கும். எந்த வழிகாட்டியும் அதைச் சொல்லவில்லை. அதை அமத்தினால் அந்தப் பட்டியலே போய்விடுகிறது. வங்கியில் நேரே போடுதல் என்ற ஒரு வழி திறக்கிறது. என் வங்கி, என் கணக்கு, டவுனில் உள்ள கிளை. அண்ணையைக் கேட்பதற்கு முன்னால் இன்னும் ஒரு நிமிடம் அந்தத் திரையைப் பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

விலாசத்துக்கு இந்தத் தடவையும் ஒன்று என்றுதான் போட்டேன், விடாது என்று தெரியும். ஆனால் கடையின் முகப்பில் வேறாக எழுதினேன்: "கிழக்கே கோயில் கேணி, தெற்கே ஒழுங்கை, மேற்கே முருங்கை நிற்கிற வளவு. வாசல் படலை நீல நிறம். வந்து எடுக்கலாம், உள்நாட்டுக்குக் கூரியரில் அனுப்புவேன். நான் யாருடைய பெட்டிக்கும் கொண்டுவந்து தர மாட்டேன். வெளிநாட்டில் இருப்பவர்கள் இங்கே உள்ள தங்கள் ஆளைக்கொண்டு வங்கியில் போட்டு எடுப்பிக்கலாம். காவிக்கொண்டு போவது அவர்கள் பாடு."

எங்களைப் பற்றி என்று ஒரு பக்கம் இருக்கும். பதினாறு துண்டில் எழுதினதைச் சுருக்கி அதில் போட்டேன்.

உரிமையாளர் என்ற கட்டம் வந்தபோது என் முதலெழுத்தோடு முழுப்பெயரையும் அடித்தேன். அடித்துவிட்டு, உறுதி வாசிக்கிற மாதிரி ஒருமுறை வாசித்தேன். ஒரு எழுத்துப் பிழை இருந்தது. திருத்தினேன்.

வியாபாரம் முந்தினதில் பாதி. இதை மறைக்கவில்லை. வவுனியா, மட்டக்களப்பு, கொழும்பு என்று உள்ளூர்ச் சனம் வாங்குகிறது. துண்டில் இருந்த இலக்கத்தைப் பார்த்து அந்தப் பதினாறில் ஒன்பது பேர் போன் எடுத்தார்கள். அவர்களுடைய தாயும் மாமியும் பெரியப்பாவும் நீலப் படலையில் வந்து நிற்கிறார்கள். அம்மா என்ற பெயருக்கு வந்த தெரியாத சனம் வரவில்லை. அண்ணை சொன்னது அந்த அளவில் சரிதான். சரியாக இருந்துவிட்டுப் போகட்டும்.

போன மாதம் வட்டுக்கோட்டையிலிருந்து ஒரு கட்டளை வந்தது. ஒரு கிலோ. பணத்தை வங்கியில் போட்டு, வங்கித் துண்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். பெயரைப் பார்த்தேன். அண்ணையின் மாமியார். குறிப்பு என்ற இடத்தில், அடுத்த கிழமை ஒருவர் கனடா போகிறார், அதற்கு முன் வந்து எடுக்கிறேன் என்று இருந்தது. போன் எடுத்துக் கேட்டேன்.

"ஓம் பிள்ளை, நான்தான் போட்டனான். பக்கத்து வீட்டுப் பெட்டை போனிலை அமத்தித் தந்தவள். மருமகன்தான் உப்பிடி உம்மடை கடையிலை போட்டு எடுக்கச் சொன்னவர்."

"அவர் என்னட்டைக் கேக்க ஏலாதோ மாமி?"

"அதை என்னட்டை ஏன் கேக்கிறீர்? நான் உங்கடை சண்டைக்குள்ளை வரேல்லை. உறைப்புக் குறைஞ்சது இருக்கோ எண்டு மட்டும் கேக்கச் சொன்னவர்."

"இல்லை."

"இல்லை எண்டுதான் சொல்லுவீர் எண்டும் சொன்னவர். அப்ப இருக்கிறதைக் கட்டும்."

கட்டினேன். எல்லாருக்கும் நிறுக்கிற தராசில் நிறுத்தேன், எல்லாருக்கும் போடுகிற பையில் போட்டேன். அண்ணை என்று ஒரு பிடி கூடுதலாக வைக்கவில்லை. இந்தப் புதுக் கடை தொடங்கின நாளிலிருந்து ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு துண்டு போடுகிறேன், இப்போது அச்சடித்தது. வறுத்தது நான் என்றும், இது அம்மாவின் தூள் அல்ல என்றும் அதில் இருக்கும். இந்தப் பைக்குள் அதைப் போடாமல் விடலாமா என்று ஒருமுறை நினைத்தேன். போட்டுத்தான் ஒட்டினேன்.

மாமி வந்து படலைக்கு வெளியே நின்று வாங்கிக்கொண்டு போனார். உள்ளே வந்து போனில் பொத்தானை அமத்திக் கட்டளை முடிந்ததென்று பதிந்தேன். யார் பதிந்தது என்று தளம் தானாக எழுதிக்கொள்ளும். உரிமையாளர் என்று எழுதியிருந்தது.